தயாபரனின் பைல்

கிளிநொச்சியிலிருந்து காலை ஏழு பத்துக்குப் புறப்படும் பூநகரி பஸ்ஸைத் தயாபரன் ஓட்டுகிறார். ஆறு வருடமாக நான் அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். பூநகரிப் பிரதேச செயலகத்தில் எனக்கு உத்தியோகம். சாரதிக்கு இடப்பக்கம், இன்ஜின் மூடியை ஒட்டியிருக்கும் ஒற்றைச் சீட்டில் இருப்பேன். அந்தச் சீட்டில் கால் சுடும் என்பதால் வேறு யாரும் அதற்குப் போட்டி போடுவதில்லை.

பூநகரி வாடியடிச் சந்தியில் பஸ் நிற்கும்போது எட்டே கால் ஆகிவிடும். ஆட்கள் இறங்கி முடிந்ததும் தயாபரன் இன்ஜினை நிறுத்திவிட்டுப் போனை எடுப்பார். பரந்தன் தாண்டினால் வயல்வெளி நெடுக சிக்னல் வந்து வந்து போகும். பூநகரியில்தான் ஓரளவுக்கு நிலைத்து நிற்கும். பாஸ்வேர்டை ஒற்றை விரலால் அடிப்பார். கனடாக் குடிவரவின் பக்கம் மெல்லத் திறக்கும். விண்ணப்பம் கிடைத்தது. கைரேகை முடிந்தது. மருத்துவம் முடிந்தது. பின்னணிச் சோதனை, இன் புறோகிரஸ். கடைசி முடிவு, இன்னும் தொடங்கவில்லை.

பார்த்து முடித்ததும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எதிர்க் கடையில் பிளேன்ரீ குடிக்கப் போவார். முழுவதுக்கும் இரண்டு நிமிடம்கூட ஆகாது. நாலரை வருடமாக, பஸ் ஓடுகிற ஒவ்வொரு நாளும், அவர் இதைச் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு இப்போது முப்பத்தாறு வயது. தகப்பன் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடுக் குளத்தின் கீழே காணி கிடைத்துக் குடியேறியவர்கள். தாயும் தகப்பனும் இன்று இல்லை. அக்கா கமலேஸ்வரி பக்கத்து வளவில் இருக்கிறார். மனைவி அருந்ததி கனடாவில். ஒரே மகள் வினோஜா.

2009ஆம் ஆண்டு தை மாதம், இடம்பெயர்ந்து விசுவமடுவில் இருந்தபோது அவரை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. அப்போது பத்தொன்பது வயது. அவருக்குத் துவக்கு கொடுக்கவில்லை, மண்வெட்டி கொடுத்தார்கள். வைகாசியில் மற்றவர்களோடு வட்டுவாகல் பாலம் கடந்து வந்து, இராணுவத்திடம் பெயர் கொடுத்து, ஒரு வருடமும் நான்கு மாதமும் புனர்வாழ்வு முகாம்களில் இருந்தார். அங்கேதான் வாகனம் திருத்தவும் ஓட்டவும் பழகினார். வெளியே வந்து அருந்ததியைக் கலியாணம் செய்தார். அடுத்த வருடம் மகள் பிறந்தாள்.

ஆனால் புலனாய்வுக்காரர் விசாரிக்க வருவது நிற்கவில்லை. மாதம் ஒரு தடவை, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, யாராவது சிவில் உடுப்பில் வந்து படலையில் நின்று அவர் எங்கே, யாரோடு கதைக்கிறார் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் பஸ்ஸில் இருப்பார். பதில் சொல்லுவது அருந்ததிதான். 2018இல் அருந்ததியின் தமக்கை பிள்ளைப்பேற்றுக்கு உதவிக்கென்று அவாவை ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டார். விசா கிடைத்தது. போனவா திரும்பி வரவில்லை, அங்கே அகதிக் கோரிக்கை வைத்தா. அப்படித்தான் செய்வதென்று போகும் முன்பே இருவரும் பேசி வைத்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் எல்லோரும் ஒன்றாகிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வினோஜாவுக்கு அப்போது ஏழு வயது.

வழக்கு வெல்லவே இரண்டரை வருடம் பிடித்தது. அதன்பிறகுதான் கணவனையும் பிள்ளையையும் சேர்த்து நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று வந்தது. அந்தப் படிவம் நிரப்பும்போதுதான் தயாபரன் முதல்முறையாக என்னிடம் பஸ் கதையைத் தவிர வேறு பேச்சுப் பேசினார்.

“மிஸ், உங்களுக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியும்தானே. இதொருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

பதினெட்டு வயதிலிருந்து இன்றுவரை எங்கெங்கே வசித்தார், என்ன செய்தார் என்று மாதம் மாதமாகக் கேட்டிருந்தது. ஒரு மாதம்கூட இடைவெளி விடக்கூடாது. விட்டால் விண்ணப்பம் தாமதமாகலாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் வீட்டிலக்கம், வீதி, ஊர், தபால் குறியீடு.

பூநகரியில் பஸ் நிற்கும் நாற்பது நிமிடத்தில், ஒரு கிழமையாக, நாங்கள் அதை நிரப்பினோம். 2009 தை வரையும் பிரச்சினை இல்லை. புனர்வாழ்வு முகாமிலிருந்து இன்றுவரையும் பிரச்சினை இல்லை. தை தொடக்கம் வைகாசி வரையான ஐந்து மாதம்தான் நகரவில்லை.

“விசுவமடுவில எந்த வீதி?”

“வீதி எண்டு இல்ல மிஸ். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால.”

“அதுக்குப் பிறகு?”

“உடையார்கட்டு. அங்க ஒரு பத்து நாள். பிறகு தேவிபுரம்.” அவர் ஸ்ரியரிங்கில் விரல் விட்டு எண்ணினார். “இரணைப்பாலை. பொறுங்கோ, அதுக்கு முதல் ஒரு தென்னந்தோட்டம். அதின்ர பேர் தெரியாது.”

“பேர் தெரியாட்டி என்னெண்டு போடுறது?”

“தென்னந்தோட்டம் எண்டு போடுங்கோவன்.”

போட்டேன். மாத்தளனுக்கு வந்தபோது, “அங்க நாங்கள் தங்கினது நிலத்துக்குக் கீழ மிஸ். அதைப் போடேலுமோ?” என்று கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அறியத்தான் கேட்டார். கடைசியில் ஐந்து மாதத்துக்குப் பதினொரு முகவரி வந்தது. இலக்கம், வீதி கேட்ட இடங்களில் ‘இல்லை’ என்று எழுதினோம். செய்த தொழில் என்ற கட்டத்தில் ஒவ்வொரு வரியிலும் பங்கர் வெட்டுதல் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஆறாவது வரியில் எனக்குக் கை ஓடவில்லை. அவர் எட்டிப் பார்த்து, “எழுதுங்கோ மிஸ். அதுதானே செய்தனான்,” என்றார்.

2021 ஆவணியில் விண்ணப்பம் போனது. கிடைத்தது என்று ஒரு மாதத்தில் பதில் வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் கண்டக்டர் திலீபன் எல்லோருக்கும் ரொபி இனிப்புக் கொடுத்தார்.

பிறகு கைரேகை. பிறகு கொழும்பில் மருத்துவப் பரிசோதனை, அவருக்கும் மகளுக்கும். அதன்பிறகு ஒன்றும் இல்லை. மருத்துவம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். செத்துப்போன மருத்துவத்தைத் திரும்பச் செய்யச் சொல்லி ஈமெயில் வந்தது. செய்தார்கள். பொலிஸ் நற்சான்றிதழும் காலாவதியானது. திரும்ப எடுத்தார். பிள்ளையின் பாஸ்போட்டுக்குத் திகதி முடிந்தது. புதிதாக எடுத்து, அதன் இலக்கத்தை அனுப்பினார்கள். ஏதாவது கேட்டு ஈமெயில் வரும்போதெல்லாம் இது நல்ல சகுனம் என்று பஸ்ஸில் யாராவது சொல்லுவார்கள். கேட்காமல் விட்டால், ஒன்றும் கேட்காதபடியால் எல்லாம் சரிதான் என்று வேறொருவர் சொல்லுவார்.

ஒரு பஸ்ஸை ஓட்டுகிறவருக்கு ஒளிந்திருக்க இடமில்லை. சந்தைக்குப் போகிற அம்மாமார், ரீச்சர்மார், மீன் பெட்டிக்காரர், எல்லோருக்கும் அவருடைய கதை தெரியும். ஏறும்போதே கேட்பார்கள்.

“என்ன தம்பி, கனடா சரிவந்திட்டுதோ?”

“வரும் அம்மா.”

“என்ர மருமோனுக்கு எட்டு மாசத்தில வந்தது.”

“ஓம் அம்மா. உள்ளுக்குப் போங்கோ, ஆக்கள் ஏற வேணும்.”

முதல் வருடத்தில் அவர் முகம் சிவக்கும். இரண்டாவது வருடத்தில் சிரிப்பார். பிறகு இரண்டும் இல்லை. டிக்கெட் விலை கேட்டால் சொல்வதுபோல ‘வரும்’ என்று சொல்லப் பழகிவிட்டார்.

2023 பங்குனியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். மூன்றாம் நாள் காலை வழமைபோல ஏழு பத்துக்கு வந்து பஸ்ஸை எடுத்தார். பூநகரி வரையும் நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜினை நிறுத்தியபின் அவராகவே சொன்னார்.

“நாலு மணித்தியாலம் மிஸ். ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை, பக்கத்தில தமிழில சொல்லுற ஆள். நல்ல மாதிரித்தான் கதைச்சவை. தண்ணியும் தந்தவை.”

“என்ன கேட்டவை?”

“எத்தினை பங்கர் வெட்டினனீங்கள் எண்டு கேட்டா.”

“நீங்கள்?”

“எண்ணேல்ல எண்டு சொன்னன். ஒரு மதிப்பாச் சொல்லுங்கோ எண்டா. நூறு எண்டு சொன்னன். பிறகு வரேக்க பஸ்ஸுக்குள்ள இருந்து யோசிச்சன், நூறு வராது மிஸ். நாப்பது, அம்பதுதான் வரும். பிழையாச் சொல்லிப்போட்டன்.”

அந்த நூறைப் பற்றி அவர் பல மாதம் யோசித்துக்கொண்டிருந்தார். சட்டத்தரணிக்கு எழுதித் திருத்தலாமா என்று கேட்டார். அருந்ததி அங்கே சட்டத்தரணியிடம் கேட்டபோது, சும்மா இருந்ததைக் கிளறாதீர்கள் என்று பதில் வந்தது. விட்டுவிட்டார்.

காலையில் அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து முடித்த கையோடு அருந்ததியின் அழைப்பு வரும். அங்கே அப்போது முதல் நாள் இரவு. வேலை முடிந்து வந்து படுக்கப் போகிற நேரமாக இருக்கும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் கண்ணாடி துடைப்பார். அதனால் எனக்கும் கேட்கும். அவா அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவா.

“பாத்தனீங்களோ அப்பா?”

“ஓம். நீர் பாத்தீரோ?”

“பாத்தனான். ஒண்டும் மாறேல்ல.”

“ம்ம்.”

“பிள்ளை பள்ளிக்கூடம் போட்டாளோ?”

“போட்டாள்.”

“சரி. வைக்கிறன்.”

தொடக்கத்தில் அரை மணித்தியாலம் கதைத்தவர்கள். மழை, கறி, தமக்கையின் பிள்ளை, குளிர், பஸ் பழுதானது, எல்லாம் வரும். வருடம் போகப் போக அந்தப் பேச்செல்லாம் உதிர்ந்து, இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நின்று ஒரே பக்கத்தைப் பார்த்தோம் என்று உறுதிப்படுத்துகிற அளவில் வந்து நின்றது. சண்டை ஒன்றுமில்லை. ஒருநாள் நான் கேட்டேன், அருந்ததிக்கு வேறு என்னவாவது சொல்ல இருக்காதா என்று.

“என்னத்தைச் சொல்லுறது மிஸ்? வாற மாசம் விதைப்பு எண்டு சொன்னா, வாற மாசம் நீங்கள் அங்க இருக்க மாட்டியள் எண்டுவா. சீற் உறை மாத்தினனான் எண்டா, போகப்போற ஆளுக்கு ஏன் சீற் உறை எண்டுவா. பிறகு நான் சொல்லுறேல்ல.”

போகப்போகிற ஆள் என்றபடியால் அவர் கன காரியங்களைச் செய்யாமல் விட்டிருந்தார். வீட்டின் பின்பக்கச் சுவர் பூச்சுப் பூசாமல் கிடந்தது. பஸ் முதலாளி இன்னொரு பஸ்ஸில் பங்கு கொடுக்கிறேன் என்று கேட்டபோது மறுத்தார். பல்வலி வந்தபோதுகூட அங்கே போய்ப் பார்க்கலாம் என்று ஒரு வருடம் பொறுத்திருந்துவிட்டு, கடைசியில் கிளிநொச்சியில் பிடுங்கினார்.

2024 ஐப்பசியில் அருந்ததியின் சட்டத்தரணி ஒரு யோசனை சொன்னார். பிள்ளையின் பெயரில் தடை ஒன்றும் இல்லை. தகப்பனின் பின்னணிச் சோதனைதான் இழுபடுகிறது. தகப்பன் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் பிள்ளையின் விண்ணப்பத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும்படி கேட்கலாம்.

அன்றைய அழைப்பு நீளமாக இருந்தது. ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி, வீதிக்கு அப்பால் நின்று கதைத்தார். வந்து ஏறியபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. திலீபனிடம், “ஒம்பது மணிக்கு எடுப்பம்,” என்று மட்டும் சொன்னார். என்னிடம் அந்தக் கிழமை முழுக்க இதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை திரும்பி வருகையில்தான், பரந்தன் தாண்டியபின் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மகளோடு கதைக்கப் போவதாகவும் சொன்னார்.

கதைத்ததைத் திங்கட்கிழமை காலையில் ஒன்றும் விடாமல் எனக்குச் சொன்னார். மகள் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாளாம். இவர் வாசல்படியில் இருந்தாராம்.

“பிள்ளை, நீ முதல் அம்மாட்டப் போறியோ?”

“நீங்கள்?”

“நான் பிறகு வருவன்.”

“எப்ப?”

“தெரியாது.”

அவள் கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நீங்கள் போ எண்டு சொல்லுறியளோ?” என்று கேட்டாளாம்.

“நான் சொல்லேல்ல. கேக்கிறன்.”

“அம்மா ஏழு வயசில விட்டிட்டுப் போனவா. இப்ப நான் உங்களை விட்டிட்டுப் போறன். எப்பிடியும் ஆரோ ஒராள் விடத்தானே வேணும் அப்பா.” கோபமாகச் சொல்லவில்லையாம். கணக்குப் பாடம் சொல்வதுபோலச் சொன்னாளாம். பிறகு, “மாமிட்டச் சோறு வாங்கிச் சாப்பிடுங்கோ. கடையில சாப்பிடாதேங்கோ,” என்றாளாம். மாமி என்றது கமலேஸ்வரியை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சமாதான நீதவான் ஒருவருக்கு முன்னால் கையெழுத்து வைக்கவேண்டியிருந்தது. பூநகரியில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் கூட்டிப் போனேன். எட்டரை மணி. அவர் சாரத்தோடு வந்து, கண்ணாடி தேடி எடுத்து, வாசித்துவிட்டு, “விளங்கித்தான் வைக்கிறீரோ?” என்று கேட்டார். தயாபரன், “ஓம் ஐயா,” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். முத்திரை குத்தியதும் தாளை ஊதிக் காயவைத்து, மடிக்காமல், ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அதன்பிறகு அவர் இரண்டு பக்கங்களைப் பார்த்தார். ஒன்று தன்னுடையது, ஒன்று பிள்ளையுடையது. ஒன்பது மாதம் இரண்டும் அசையாமல் கிடந்தன. 2025 ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் போனைப் பார்த்தபடி வழமைக்கு மேலாகக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

“மிஸ், பிள்ளையின்ர வந்திட்டுது போல கிடக்கு. சரியோ எண்டு பாருங்கோ.”

பாஸ்போட்டை அனுப்பச் சொல்லியிருந்தது. நான் இரண்டு தரம் வாசித்துவிட்டு ஓம் என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் போனை வாங்கி, தன்னுடைய பக்கத்தையும் திறந்து பார்த்துவிட்டு, அதில் ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு பிளேன்ரீக்குப் போனார்.

ஆவணி நடுப்பகுதியில் பிள்ளை பயணமானாள். கமலேஸ்வரி அழுது அழுது அரிசிமா வறுத்தார், மிளகாய்த்தூள் இடித்தார். பதினாலு வயதுப் பிள்ளை தனியே போவதால் விமானக் கம்பனியின் ஆள் ஒருவர் கூட்டிக்கொண்டு போய் அங்கே தாயிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பார் என்று ஏற்பாடு. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குத் தகப்பனும் மகளும் மட்டும் போனார்கள். சீருடை போட்ட ஒரு பெண் வந்து, வினோஜாவின் கழுத்தில் ஒரு பையைத் தொங்கவிட்டு, தயாபரனிடம் நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினாளாம்.

“பிள்ளை அழுதவளோ?” என்று நான் கேட்டேன்.

“இல்ல மிஸ். சப்பாத்து நாடா அவிண்டு கிடந்தது, குனிஞ்சு கட்டினவள். பிறகு உள்ள போயிட்டாள்.”

“நீங்கள்?”

“எனக்கு ஒண்டும் வரேல்ல மிஸ். கன நேரம் சம்மணம் கட்டி இருந்திட்டு எழும்பினா கால் விறைச்சுக் கிடக்குமெல்லோ, காலிருக்கு எண்டு தெரியும், ஆனா ஊண்டேலாது, அப்பிடி. வெளியில வந்து ஒரு வடை வாங்கித் திண்டிட்டு பஸ் ஏறினனான்.”

அடுத்த நாள் ஏழு பத்துக்கு பஸ் போனது. வீட்டில் இப்போது அவர் தனி ஆள். மதியம் கமலேஸ்வரி சோறு கொடுத்து விடுவார். அந்த நாட்களில் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லோரும் பிள்ளை போய்ச் சேர்ந்ததைக் கேட்டு அவரைப் பாராட்டினார்கள். பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்று மீன் பெட்டிக்காரர் சொன்னார். தயாபரன் ஓம் என்றார்.

புரட்டாதி போய் ஐப்பசி வந்தபோது அருந்ததி ஒரு முடிவெடுத்தா. அகதியாக ஏற்கப்பட்டவா என்பதால் அவாவுக்கு இலங்கைக்கு வரமுடியாது. ஆனால் இந்தியாவுக்கு வரலாம். பலர் அப்படித் திருச்சியில் சந்தித்துக்கொள்கிறார்கள். வேலையில் மூன்று கிழமை லீவு கேட்டுவிட்டேன், தைப்பொங்கல் முடிய வருகிறேன், பிள்ளை படிப்புக் காரணமாகப் பெரியம்மாவோடு நிற்கட்டும், நீங்கள் இந்திய விசா எடுங்கள் என்று சொல்லிவிட்டா.

தயாபரன் தயங்கினார். பின்னணிச் சோதனை நடக்கும்போது நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் பிழையாகுமோ என்று பயந்தார். சட்டத்தரணி ஒன்றும் ஆகாது என்று எழுதினார். யாழ்ப்பாணத்துக்குப் போய் விசாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதைப் பார்க்கவும் ஒரு பக்கம் இருந்தது. ஒவ்வொரு நாளும் பார்க்கலாம் என்று அதையும் போனில் சேமித்துக்கொண்டார். ஒன்பதாவது நாள் விசா வந்துவிட்டது.

அன்றைக்கு அவர் கனடாப் பக்கத்தையும் இந்தியப் பக்கத்தையும் மாறி மாறித் திறந்து பார்த்தார். “ஒம்பது நாள் மிஸ்,” என்றார். “ஒம்பது நாள்.” சந்தோசமா கோபமா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

போகிறதுக்கு முதல் நாள் மாலை, இறங்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

“மிஸ், ஒரு விசயம் கேக்கட்டோ? ஏழு வருசம். வீடியோவில பாத்தனான்தான். ஆனா நேர கண்டா என்ன கதைக்கிறது?”

“எதையெண்டாலும் கதையுங்கோ.”

“அந்தப் பக்கத்தைப் பத்திக் கதைக்காட்டி எனக்குக் கதைக்க ஒண்டும் இல்ல மிஸ்.”

சுகமாகப் போயிட்டு வாங்கோ என்றேன்.

பதினெட்டு நாள் திலீபனின் மச்சான் ஒருவர் பஸ்ஸை ஓட்டினார். பிறேக்கை முரட்டுத்தனமாகப் பிடிப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாய்ந்து விழுந்தார்கள். எல்லோரும் தயாபரன் எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மாசி தொடக்கத்தில் வந்தார். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தது. பூநகரி வரையும் பொறுத்திருக்காமல் பரந்தனிலேயே கதைக்கத் தொடங்கினார்.

முதல் இரண்டு நாளும் இருவரும் ஹோட்டல் அறையில் எதிரெதிரே இருந்து ரீவி பார்த்தார்களாம். அருந்ததியின் முன்தலை நரைத்திருந்ததாம். வீடியோவில் அது தெரிந்ததே இல்லையாம். அவாவுக்குச் சோறு இறங்கவில்லை, இவருக்கு நித்திரை வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு கோயிலுக்குப் போகவென்று வெளிக்கிட்டிருக்கிறார்கள். இவர் பஸ்ஸில் போகலாம் என்று சொல்ல, அவா ஓட்டோ பிடிக்கச் சொல்ல, பஸ் நிலையத்துக்கு நடுவில் நின்று வாய்த்தர்க்கம் வந்துவிட்டது.

“வாழ்க்கை முழுக்க பஸ்ஸிலயே கிடந்தது காணாதோ எண்டு கத்தினா மிஸ். எல்லாரும் திரும்பிப் பாக்கினம். நானும் விடேல்ல. நீர் கனடாவில காரில போய்ப் பழகிட்டீர் எண்டன். அதுக்கு அவா, நான் அங்க ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போறன், உமக்குத் தெரியுமோ எண்டா. நீங்கள் எண்டேல்ல, உமக்கு எண்டா மிஸ்! கலியாணம் கட்டி ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்ல.”

“பிறகு?”

“எனக்குத் தெரியாது மிஸ், அவா ரெண்டு பஸ் மாறுறவா எண்டு. எத்தினை வருசமா ஒவ்வொரு நாளும் கதைச்சனாங்கள், அது எனக்குத் தெரியாது. எந்த பஸ், எத்தினையாம் நம்பர் எண்டு கேட்டன். கோயிலுக்குப் போகேல்ல. அதில ஒரு வாங்கில குந்தி இருந்து சொன்னா. தொண்ணூத்தஞ்சாம் நம்பர் முதல். விடிய ஐஞ்சே காலுக்கு ஏறுறது. டிரைவர் ஒரு சோமாலிக்காரனாம். குளிர் நாளில அவா ஓடி வந்தா நிப்பாட்டி வைச்சிருந்து ஏத்துவானாம்.”

குஞ்சுப்பரந்தனில் ஆள் ஏற நின்றது. கதையை நிறுத்தி, கதவைப் பார்த்து, ஏறி முடிந்ததும் மீண்டும் தொடங்கினார். அந்த நாட்களில் அவர்கள் வேறு என்ன கதைத்தார்கள் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திருச்சி விமான நிலையத்தில் பிரியும்போது அருந்ததி அழுததாகவும் தனக்கும் கண்ணீர் வந்ததாகவும் மட்டும் சொன்னார். “கொஞ்சம் வந்தது மிஸ்,” என்றார்.

இதை எழுதுகிற இன்றைக்கும் அவருடைய பின்னணிச் சோதனை முடியவில்லை. மூன்றாவது தரம் மருத்துவம் செய்யச் சொல்லிப் போன கிழமை ஈமெயில் வந்திருக்கிறது. கொழும்புக்குப் போக வைகாசி பத்தாம் திகதி லீவு கேட்டிருக்கிறார். வீட்டின் பின்பக்கச் சுவரைப் பூச மேசன் ஒருவரைப் பிடித்துவிட்டதாகத் திலீபன் சொன்னார். சீமெந்து இறக்குகிறதுக்காக இந்தச் சனிக்கிழமை பஸ் இல்லை.